மதிலோரத்து மைதானம்

கிராஸ்மக்லென் என்று ஓர் ஊர். வட அயர்லாந்தின் தெற்கு ஓரம், அர்மா கவுன்ட்டியின் கடைக்கோடி. இன்னும் சில கிலோமீட்டர் போனால் எல்லை தாண்டி அயர்லாந்துக் குடியரசுக்குள் கால் வைத்துவிடலாம். மக்கள்தொகை 1,600 சொச்சம். நடுவில் ஊரின் அளவுக்கு மீறிய ஒரு சந்தைச் சதுக்கம், கர்தினால் ஓ ஃபீ பெயரில் இருக்கிறது. சதுக்கத்தைச் சுற்றிக் கடைகள், சற்றுத் தள்ளிக் காவல் நிலையம். காவல் நிலையத்தின் மதிலை ஒட்டினாற்போல ஒரு விளையாட்டு மைதானம்.

அந்த மைதானம் கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ் என்ற கேலிக் கால்பந்து கிளப்புக்குச் சொந்தமானது. 1887இல் தொடங்கிய கிளப் இது. அகில அயர்லாந்து கிளப் கோப்பையை ஆறு முறை வென்றிருக்கிறார்கள்: 1997, 1999, 2000, 2007, 2011, 2012. இவர்களைவிட அதிக முறை வென்றது கார்க் நகரத்து நீமோ ரேஞ்சர்ஸ் மட்டும்தான். அவர்கள் கணக்கில் ஏழு. அயர்லாந்தின் பெரிய நகரங்களில் ஒன்றின் கிளப்போடு இந்தச் சின்ன ஊர் ஒரே ஒரு கோப்பை வித்தியாசத்தில் நிற்கிறது.

காசு கொடுத்து ஆள் வாங்கினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஆட்டத்தில் அது நடக்காது. கேலிக் கால்பந்தில் சம்பளம் கிடையாது. ஆட்டக்காரர் பகலில் பள்ளி ஆசிரியர், தச்சர், விவசாயி, எலெக்ட்ரீஷியன். சாயங்காலம் பூட்ஸ் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருகிறார். டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடினவர் மறுநாளோ அதற்கு மறுநாளோ வேலைக்குப் போயாக வேண்டும். எந்தக் கிளப்புக்கு ஆடுவது என்பதையும் அவரவர் இஷ்டம் முடிவு செய்வதில்லை. எந்தப் பங்கில் பிறந்தாரோ, அதாவது எந்தத் தேவாலயத்தின் எல்லைக்குள் வீடு இருக்கிறதோ, அந்தப் பங்கின் கிளப்தான் அவர் கிளப். வேறு ஊருக்குக் குடிபோனாலொழிய மாறுவது அபூர்வம். அதனால் ஒரு கிளப் நல்ல கோல் கீப்பர் வேண்டுமென்று தேடினால், ஊருக்குள் இருக்கும் பத்து வயதுப் பையன்களைத்தான் பார்க்க வேண்டும். இருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் எல்லாம். இந்த ஒரு ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால், கிராஸ்மக்லென் கதையில் பாதி புரிந்துவிடும்.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்து நமக்குத் தெரிந்த கால்பந்துபோல உருண்டைதான். காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது. அதற்குள் தரையில் ஒருமுறை தட்டி எடுக்க வேண்டும், அல்லது ஓடுகிற ஓட்டத்திலேயே பந்தைக் கால்விரல் நுனியில் போட்டுத் திரும்பக் கைக்கு ஏற்ற வேண்டும். இதற்கு ‘சோலோ’ என்று பெயர். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இதைச் செய்பவரைப் பார்த்தால் பந்தைக் காலோடு நூலால் கட்டி விட்டதுபோல இருக்கும். சக ஆட்டக்காரருக்குப் பந்தை வீசக் கூடாது. முஷ்டியாலோ உள்ளங்கையாலோ குத்தித்தான் அனுப்ப வேண்டும். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. 2025 முதல், 40 மீட்டர் வளைவுக்கு வெளியே இருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி என்று சேர்த்திருக்கிறார்கள். ஸ்கோரை 2-13 என்று எழுதுவார்கள்: இரண்டு கோல், பதின்மூன்று புள்ளி, ஆக மொத்தம் 19.

இந்த ஆட்டத்துக்கு ஒரு அரசியல் பிறப்பு உண்டு. 1884 நவம்பர் 1ஆம் தேதி, டிப்பெரேரி கவுன்ட்டியின் தர்லஸ் ஊரில் ஹேய்ஸ் ஹோட்டலில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் கூடினார்கள். கூட்டியவர் மைக்கேல் கியூசாக் என்ற பள்ளி ஆசிரியர். தலைவராக உட்கார்ந்தவர் அந்தக் காலத்தில் புகழ்பெற்ற தடகள வீரர் மாரிஸ் டேவின். அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மொழி தேய்ந்துகொண்டிருந்தது, ஆட்டங்களும் ஆங்கிலேயர் ஆட்டங்களாக மாறிக்கொண்டிருந்தன. நம் ஆட்டத்தை நாமே நடத்துவோம் என்று அன்று தொடங்கியதுதான் கேலிக் தடகளச் சங்கம், சுருக்கமாக ஜி.ஏ.ஏ. காஷல் பேராயர் தாமஸ் குரோக் அதன் புரவலர் ஆனார். டப்ளினில் இருக்கும் குரோக் பார்க் அவர் பெயரில்தான் நிற்கிறது. (பெண்களின் கேலிக் கால்பந்துக்குத் தனிச் சங்கம் பிறக்க 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் அதே ஹேய்ஸ் ஹோட்டலில்தான் பிறந்தது.)

தர்லஸ் கூட்டம் நடந்து மூன்றே ஆண்டில் கிராஸ்மக்லெனில் கிளப் வந்துவிட்டது. அது நிலத்துக்கான போராட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம். குத்தகை விவசாயிகள் நிலப்பிரபுக்களை எதிர்த்து நின்ற ஊர்களில் கால்பந்து கிளப் ஒன்று கூடவே முளைத்தது. பங்குக்கு ஒரு தேவாலயம், ஒரு பள்ளி, ஒரு கிளப் என்ற அமைப்பு அப்போது இறுகியதுதான், இன்றுவரை கிராமப்புற அயர்லாந்தில் நீடிக்கிறது.

அடுத்து வந்தது எல்லை. 1921இல் தீவு இரண்டாகப் பிரிந்தபோது அர்மா வடக்கோடு, அதாவது பிரிட்டனோடு போனது. கிராஸ்மக்லென் மக்கள் ஏறக்குறைய முழுவதும் கத்தோலிக்கர்கள், அயர்லாந்து தேசியவாதிகள். கோட்டுக்குத் தெற்கே போயிருக்க வேண்டியவர்கள் என்று அவர்கள் மட்டும் நினைக்கவில்லை. எல்லையைத் திருத்த அமைத்த ஆணையமே 1925இல் கிராஸ்மக்லென் உள்ளிட்ட தெற்கு அர்மாவைத் தெற்கோடு சேர்க்கலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தது. அந்த வரைபடம் ஒரு லண்டன் பத்திரிகையில் கசிந்து பெரும் ரகளையாகி, அறிக்கையையே மூன்று அரசுகளும் சேர்ந்து மூட்டை கட்டி வைத்துவிட்டன. ஊர் வடக்கிலேயே தங்கிவிட்டது. காகிதத்தில் ஒரு கோடு நகராமல் போனதற்கு அந்த ஊர் பின்னால் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

ஆனால் ஜி.ஏ.ஏ. அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. அதன் கணக்கில் அயர்லாந்து என்றால் 32 கவுன்ட்டி. அல்ஸ்டர் மாகாணம் என்றால் ஒன்பது கவுன்ட்டி. அவற்றில் ஆறு வடக்கில், மூன்று குடியரசில். கிராஸ்மக்லென் பையன் ஞாயிற்றுக்கிழமை மோனகனிலோ கேவனிலோ ஆடப் போகும்போது அரசாங்கத்தின் பார்வையில் வெளிநாடு போகிறான். அவன் பார்வையில் பக்கத்து ஊருக்கு.

ஹெலிகாப்டர் இறங்கிய இடம்

1969இல் வட அயர்லாந்தில் கலவரம் வெடித்து பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது. 1970களின் தொடக்கத்தில் கிராஸ்மக்லென் காவல் நிலையம் ராணுவ முகாமாகவும் ஆனது. முகாம் விரிந்தபோது பக்கத்திலிருந்த கிளப் நிலத்தின் ஒரு பகுதியை ராணுவம் எடுத்துக்கொண்டது. மைதானத்தின் பெயர் புனித ஆலிவர் பிளங்கட் பார்க். ஆலிவர் பிளங்கட், 1681இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட அர்மா பேராயர். 1975இல் போப் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அவர் பெயரைச் சுமந்த மைதானத்தின் ஓரத்தில் அந்த ஆண்டுகளில் தகரச் சுவரும் முள்கம்பியும் கண்காணிப்புக் கோபுரமும் எழுந்தன.

ராணுவத்துக்கு அந்த இடம் அவ்வளவு அவசியமானதற்கு ஒரு காரணம் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பு தெற்கு அர்மாவில் மிக வலுவாக இருந்தது. சாலையில் கண்ணிவெடிக்குப் பயந்து ராணுவ வண்டிகள் போக முடியாத நிலை வந்தது. ஆள், சாப்பாடு, ஆயுதம், குப்பை உட்பட எல்லாமே வானத்தின் வழியாகத்தான். கொஞ்ச தூரத்தில் பெஸ்புரூக் ஊரின் பழைய நூல் ஆலை ஹெலிகாப்டர் தளமாக மாறி, ஐரோப்பாவிலேயே பரபரப்பான ஹெலிகாப்டர் தளம் என்று பெயர் வாங்கியது. அங்கிருந்து கிளம்பியவை கிராஸ்மக்லெனில் இறங்கின. இறங்கும் வழி மைதானத்துக்கு மேலே.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஹெலிகாப்டர் தாழப் பறந்து வந்ததையும், அதன் காற்றில் பந்து திசைமாறியதையும், நடுவர் ஆட்டத்தை நிறுத்தியதையும் கிளப்காரர்கள் பல ஆண்டுகள் புகாராகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பந்து மதிலைத் தாண்டி முகாமுக்குள் விழுந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான் என்பது ஊரில் வழக்கமான பேச்சு. ஜி.ஏ.ஏ. தலைமை பேசியது, டப்ளின் அரசு லண்டனிடம் எடுத்துச் சொன்னது. நிலம் திரும்பவில்லை. கிளப் வேறு இடம் தேடிப் போகவில்லை. மிச்சமிருந்த நிலத்தில் ஆட்டம் தொடர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பாதிக் கதை சொன்னவனாவேன். அந்த மண்ணில் துக்கம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. தெற்கு அர்மாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ராணுவ வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள். 1976 ஜனவரியில் கிங்ஸ்மில் என்ற இடத்தில் வேலை முடிந்து வேனில் வீடு திரும்பிய பத்து புராட்டஸ்டன்ட் தொழிலாளர்களை இறக்கிச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முந்தைய இரவு கத்தோலிக்க வீடுகளில் துப்பாக்கிக்காரர்கள் புகுந்திருந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பு, 1975 ஆகஸ்ட் 24 அன்று, குரோக் பார்க்கில் டெரிக்கும் டப்ளினுக்கும் நடந்த அரையிறுதியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய இரண்டு பேரைத் தெற்கு அர்மாவில் ஒரு போலிச் சோதனைச் சாவடி வழிமறித்தது. இருவரும் திரும்பவில்லை. ஒருவர் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் உறவினர். ஹீனி அந்தச் சாவைக் கவிதையில் அழுதிருக்கிறார்.

கால்பந்து பார்க்கப் போவதும் ஆடப் போவதும் அந்த ஆண்டுகளில் அப்படிப்பட்ட காரியம். 1988 பிப்ரவரி 21 அன்று, பக்கத்து டைரோன் கவுன்ட்டியில் ஆக்னக்ளாய் சோதனைச் சாவடியைக் கடந்து தன் கிளப் மைதானத்துக்கு நடந்து போன 23 வயது இளைஞர் ராணுவத் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். சுட்ட வீரர் குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னது 2022இல், அதாவது 34 ஆண்டு கழித்து. 1997 பிப்ரவரி 12 அன்று பெஸ்புரூக் சோதனைச் சாவடியில் நின்றிருந்த ஒரு ராணுவ வீரர் ஐ.ஆர்.ஏ. குண்டுக்குப் பலியானார். 1998 சமாதான உடன்படிக்கைக்கு முன் வட அயர்லாந்தில் கொல்லப்பட்ட கடைசி பிரிட்டிஷ் வீரர் அவர். அவருக்கும் வயது 23.

அந்தச் சாவு நடந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. 1997 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள். கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ் குரோக் பார்க்கில் அகில அயர்லாந்து கிளப் இறுதி ஆட்டத்துக்கு இறங்கியது. கறுப்பும் தேன்மஞ்சளும் கலந்த சட்டை. எதிரே மேயோ கவுன்ட்டியின் நாக்மோர். முடிவு 2-13, 0-11. எட்டுப் புள்ளி வித்தியாசம். அதுவரை அர்மாவிலிருந்து எந்தக் கிளப்பும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. கோப்பையை வாங்கிய கேப்டன் ஜிம் மக்கான்வில். அவருடைய தம்பி ஓஷீன் மக்கான்வில் அன்றைய முன்வரிசையில் ஆடிய இளைஞர். இந்தக் கதையில் அவர் மறுபடி வருவார்.

முற்றுகையா, பயிற்சியா?

கிராஸ்மக்லெனைப் பற்றி எழுதுகிறவர்கள் அனேகமாக எல்லாரும் ஒரே காரணத்துக்கு வந்து சேர்கிறார்கள். ராணுவம் மைதானத்தைப் பிடித்தது, ஊர் வைராக்கியம் கொண்டது, வைராக்கியம் கோப்பையானது. கேட்க அழகாக இருக்கிறது. என்னால் இதை முழுதாக ஏற்க முடியவில்லை. வருஷக் கணக்கைப் பாருங்கள். முகாம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அகில அயர்லாந்துக் கோப்பை ஒன்றுகூட வரவில்லை. முற்றுகையில் இருந்த ஊர்கள் வடக்கில் எத்தனையோ இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இறுதி ஆட்டத்தை எட்டிப் பார்த்ததே இல்லை. வேதனை மட்டும் ஒருவனுக்கு இடது காலால் உதைக்கச் சொல்லித் தராது.

சொல்லித் தந்தவர்கள் ஊர் ஆட்கள். வேலை முடிந்து வந்து, மழையில் நின்று, எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பந்தை மார்போடு அணைத்துப் பிடிப்பது என்று காட்டியவர்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மக்கான்வில் சகோதரர்கள், மக்கென்டீ இரட்டையர்களான ஜானும் டோனியும், தற்காப்பில் அசையாமல் நின்ற ஃபிரான்சி பெலூ எல்லாரும் அந்த மைதானத்தில் சிறுவர்களாக ஓடி ஒருவரோடு ஒருவர் பழகி வளர்ந்தவர்கள். இறுதி ஆட்டத்தில் ஒருவர் திரும்பிப் பார்க்காமலே பந்தைத் தட்டிவிடுகிறார், இன்னொருவர் சரியாக அங்கே வந்து நிற்கிறார் என்றால், அது பத்துப் பதினைந்து ஆண்டுப் பழக்கம்.

இன்னொரு தூண்டுதல் பக்கத்திலேயே இருந்தது. 1995இல் அர்மா கவுன்ட்டிக் கோப்பையைக் கைப்பற்றியது கிராஸ்மக்லெனுக்குப் பக்கத்துப் பங்கான முல்லாபான். அத்தோடு நிற்காமல் அல்ஸ்டர் மாகாணக் கோப்பையையும் அவர்களே அடித்துக்கொண்டு போனார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ராணுவத்தைவிட, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்டை ஊர் ஜெயிப்பது ஒரு கிளப்பை எவ்வளவு உலுக்கும் என்பது கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். மறு ஆண்டு, 1996இல், கிராஸ்மக்லென் அர்மாக் கோப்பையை வென்றது. அதற்குப் பிறகு 2008 வரை தொடர்ச்சியாகப் பதின்மூன்று ஆண்டுகள் அதை வேறு யாரிடமும் விடவில்லை. 2009இல் அர்மா நகரத்தின் பியர்ஸ் ஓக் தட்டிப் பறித்தது. 2010இலிருந்து மறுபடி ஆறு ஆண்டு. இருபது ஆண்டில் பத்தொன்பது! அல்ஸ்டர் கோப்பை பதினொன்று.

அந்த அணியின் முதல் மூன்று அகில அயர்லாந்துக் கோப்பைகளுக்கும் மேலாளர் ஜோ கெர்னன். அதே ஊர்க்காரர், அதே கிளப்பின் பழைய ஆட்டக்காரர். 1977இல் அர்மா கவுன்ட்டி அணி (கவுன்ட்டியின் கிளப்புகளிலிருந்து பொறுக்கியெடுத்த அணி) அகில அயர்லாந்து இறுதிக்குப் போய் டப்ளினிடம் 5-12, 3-6 என்று நொறுங்கியபோது, அர்மாவின் மூன்று கோல்களில் இரண்டை அடித்தவர் அவர். தோற்ற அணிக்குக் கொடுத்த நினைவுப் பலகையை வீட்டில் வைத்திருந்தார். 1999 இறுதியில் மேயோவின் பலினா ஸ்டீஃபனைட்ஸை 0-9, 0-8 என்று ஒரே ஒரு புள்ளியில் கடந்தார்கள். 2000இல் டப்ளினின் நா ஃபீயனாவை 1-14, 0-12. நான்கு ஆண்டில் மூன்று. பிறகு கவுன்ட்டி அணியின் பொறுப்பு கெர்னனிடம் வந்தது.

2002 செப்டம்பர் 22. அர்மாவுக்கும் கெர்ரிக்கும் அகில அயர்லாந்து இறுதி. அர்மா அதுவரை அந்தப் பெரிய கோப்பையை, சாம் மகுவயர் கோப்பையை, ஒருமுறைகூட வென்றதில்லை. கெர்ரி அதை முப்பது தடவைக்கு மேல் வென்ற கவுன்ட்டி. இடைவேளையில் கெர்ரி 0-11, அர்மா 0-7. அதிலும் இடைவேளைக்குச் சற்று முன் கிடைத்த பெனால்டியை ஓஷீன் மக்கான்வில் உதைத்துக் கோல் கீப்பர் தடுத்துவிட்டார். உடைமாற்றும் அறையில் கெர்னன் அந்த 1977 பலகையைக் கையில் எடுத்தார். தோற்றவனுக்குக் கிடைப்பது இதுதான், இது வேண்டுமா என்று கேட்டு, குளியலறைச் சுவரில் வீசி உடைத்தார். கால் நூற்றாண்டு பத்திரமாக வைத்திருந்த ஒரு பொருளை ஒருவர் அப்படி உடைக்கிறார் என்றால், அதைப் பார்த்த பையன்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் பாதியில் கெர்ரியால் மூன்று புள்ளிக்கு மேல் எடுக்க முடியவில்லை. பெனால்டியைத் தவறவிட்ட அதே மக்கான்வில், பந்தைத் தட்டிக்கொடுத்துத் திரும்ப வாங்கி வலைக்குள் அடித்தார். 1-12, 0-14. அர்மாவுக்கு ஒரு புள்ளி கூடுதல். அணித்தலைவர் கீரன் மகீனி முல்லாபான்காரர். கிராஸ்மக்லெனை ஏழு ஆண்டு முன்பு உசுப்பிவிட்ட அதே முல்லாபான்.

ஓஷீன் மக்கான்வில்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோப்பைகள் குவிந்த அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் சூதாட்டப் பழக்கத்தில் மூழ்கிக் கடனில் தத்தளித்தார். ஊருக்கே நாயகன்; யாரிடமும் சொல்ல முடியவில்லை. சிகிச்சைக்குப் போய் மீண்டு வந்து, 2007இல் ‘தி கேம்ப்ளர்’ என்ற தன் கதையை மறைக்காமல் எழுதினார். அதன்பின் சூதாட்டத்தில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டார். விளையாட்டு வீரர்கள் பந்தயத்தில் மாட்டுவதைப் பற்றி அயர்லாந்தில் இன்று வெளிப்படையாகப் பேசுகிறார்கள் என்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. என் மதிப்பில் அவர் அடித்த எந்தக் கோலையும்விட இது பெரிது.

திரும்பி வந்த நிலம்

1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தானது. துப்பாக்கிகள் ஓயத் தொடங்கின. கிளப்பிடமிருந்து எடுத்த நிலம் அதற்கடுத்த ஆண்டுகளில் கட்டம் கட்டமாகத் திரும்பியது. மலையுச்சிகளில் நின்ற கண்காணிப்புக் கோபுரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துப் போனார்கள். 2007 ஜூலை 31 அன்று வட அயர்லாந்தில் ராணுவ நடவடிக்கை அதிகாரபூர்வமாக முடிந்தது. 38 ஆண்டு.

அதே 2007இன் வசந்தத்தில் கிராஸ்மக்லென் நான்காவது கோப்பையை வென்றிருந்தது. எதிரணி கெர்ரியின் டாக்டர் குரோக்ஸ். அந்தப் பேராயர் குரோக் பெயர் தாங்கிய கிளப், அவரே பெயர் தந்த அரங்கில் ஆடிய இறுதி, சமனில் முடிந்தது. போர்ட்லீஷ் ஊரில் நடந்த மறு ஆட்டத்தில் 0-13, 0-5. அன்றைய மேலாளர் டோனல் முர்டா, முந்தைய வெற்றிகளில் ஆடியவர். 2011இல் ராஸ்காமனின் செயின்ட் பிரிஜிட்ஸை 2-11, 1-12 என்று இரண்டு புள்ளியில் தாண்டினார்கள். 2012இல் வெஸ்ட்மீத்தின் கேரிகாசிலோடு முதல் ஆட்டம் தலா 15 புள்ளியோடு சமன். கேவனில் நடந்த மறு ஆட்டத்தில் 2-19, 1-7. பதினைந்து புள்ளி வித்தியாசத்தில் ஒரு அகில அயர்லாந்து இறுதியா என்று நாடே வாய் பிளந்தது. அந்த இரண்டு ஆண்டும் பொறுப்பில் இருந்தவர்கள் டோனி மக்கென்டீயும் கேரத் ஓ நீலும். ஆறு கோப்பைக்கும் வெளியூரிலிருந்து ஒரு மேலாளர்கூட வரவில்லை. கெர்னனின் மகன்கள் அப்பாவுக்குப் பின்னால் அதே சட்டையைப் போட்டார்கள்.

ராணுவம் போனது ஒரு பக்கம். மனம் மாறியது இன்னொரு பக்கம், அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஜி.ஏ.ஏ. சட்டத்தில் 21ஆம் விதி என்று ஒன்று இருந்தது: பிரிட்டிஷ் ராணுவத்திலோ வட அயர்லாந்துக் காவல்துறையிலோ இருப்பவர் சங்கத்தில் உறுப்பினராக முடியாது. 2001 நவம்பரில் அதை நீக்கினார்கள். வடக்கின் ஆறு கவுன்ட்டிகளில் நீக்கலாம் என்று சொன்னது டவுன் மட்டும். அர்மா வேண்டாம் என்றது. மைதானத்துக்கு மேலே ஹெலிகாப்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேண்டாம் என்றதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நீக்கியது சரி என்பதும் என் கருத்து. மறு ஆண்டே வட அயர்லாந்துக் காவல்துறை தன் சொந்தக் கேலிக் கால்பந்து அணியைக் களத்தில் இறக்கியது. காவல்துறையில் சேர்ந்த ஒரு கத்தோலிக்க இளைஞன் தன் பங்கின் கிளப்பையும் விடாமல் இருக்க முடியும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

2016க்குப் பிறகு கிராஸ்மக்லென் முன்போல எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளவில்லை. மகேரி, அர்மா ஹார்ப்ஸ், கிளான் ஏரன் என்று மற்றவர்களும் கோப்பை தூக்குகிறார்கள். அர்மாவின் ஆட்டத்துக்கு அது நல்லதுதான். தோற்ற ஆண்டுகளிலும் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவது நிற்கவில்லை.

2024 ஜூலை 28 அன்று அர்மா இரண்டாவது முறையாக சாம் மகுவயர் கோப்பையை வென்றது. கால்வேக்கு எதிராக 1-11, 0-13. இந்த முறையும் ஒரே புள்ளி. மேலாளர், 2002இல் கோப்பையைக் கையில் வாங்கிய கீரன் மகீனி. அணியில் கிராஸ்மக்லெனின் ரியன் ஓ நீலும் அவர் சகோதரர் ஓஷீன் ஓ நீலும் இருந்தார்கள். இருவரும் ஓஷீன் மக்கான்வில்லின் சகோதரி பிள்ளைகள். ஒருவருக்கு மாமாவின் பெயர்.

மைதானத்தை ஒட்டிய அந்தக் காவல் நிலையம் பற்றி ஒரு தகவல். தெற்கு அர்மாவில் காவல்துறை எப்படி இயங்க வேண்டும் என்று ஆராய்ந்த மறுஆய்வு அறிக்கை ஒன்று 2021 ஆகஸ்டில் வெளியானது. அதில் ஐம்பது பரிந்துரைகள். கிராஸ்மக்லெனில் மதில் சூழ்ந்த அந்த நிலையத்தை மூடிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.